தவளை நின்ற கட்டம்

காலை பத்தே முக்காலுக்கு ஏழாம் வகுப்பில் எல்லோரும் சிரித்தாக வேண்டும். அது உத்தரவு. உத்தரவுக்கு எண் உண்டு, தேதி உண்டு, கீழே இரண்டு கையெழுத்தும் ஒரு முத்திரையும் உண்டு. 'மகிழ்ச்சி வகுப்பறை' என்ற திட்டத்தின்படி ஒவ்வொரு ஆசிரியரும் நாள்தோறும் ஒரு விளையாட்டு நடத்த வேண்டும். நடத்தியதற்குச் சான்றாகப் பதினோரு மணிக்குள் செயலியில் ஒரு படம் ஏற்ற வேண்டும். படத்தில் குறைந்தது பன்னிரண்டு பிள்ளைகளின் பற்கள் தெரிய வேண்டும். பற்கள் குறைந்தால் செயலி சிவப்பாகிவிடும். செயலி சிவந்தால் தலைமையாசிரியர் முகமும் சிவந்துவிடும்.

கணக்கு டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு செல்போனைத் தூக்கினார்.

"எல்லாரும் இங்க பாருங்க. சிரிங்க."

நாற்பத்திரண்டு வாய்கள் பல் டாக்டரிடம் காட்டுவதுபோலத் திறந்தன.

"கடைசி பெஞ்சு, உன் பல்லு தெரியலையே."

"முன்பல் உடைஞ்சிடுச்சு டீச்சர். நேத்து சைக்கிள்ல விழுந்துட்டேன்."

"சரி, நீ பக்கவாட்டுல சிரி."

படம் ஏறியது. செயலி பச்சையானது. நாற்பத்திரண்டு முகங்களும் பழையபடி ஆயின. அன்றைய மகிழ்ச்சி முடிந்தது.

அதற்குப் பிறகுதான் டீச்சர் நிஜ விளையாட்டை ஆரம்பிப்பார். செயலியில் அனுமதிக்கப்பட்ட நாற்பது விளையாட்டுகளில் அது கிடையாது. அதற்கு விரிக்கத் துணியும் வேண்டாம், மாட்டத் தொப்பியும் வேண்டாம். பெயர், 'மாட்டிக்கிட்டீங்க'.

ஒரு நாள் அசதியில் ஆறொன்பது ஐம்பத்தாறு என்று போர்டில் எழுதிவிட்டார். வகுப்பே அதை அப்படியே நோட்டில் இறக்கிக்கொண்டது. ஒரு பிள்ளைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அடிக்கோடு வேறு போட்டிருந்தார்கள். அன்றைக்குப் பிறந்தது இந்த விளையாட்டு. பாட வேளைக்கு ஒரு தவறை டீச்சர் வேண்டுமென்றே போர்டில் ஒளித்துவைப்பார். கண்டுபிடிப்பவர் எழுந்து நின்று "மாட்டிக்கிட்டீங்க" என்று சொல்லி, முன்னால் வந்து நிரூபிக்க வேண்டும். நிரூபித்துவிட்டால் அடுத்த கணக்கு முடியும்வரை டீச்சருடைய நாற்காலி அவருக்கு. டீச்சர் போய் அந்தப் பிள்ளையின் பெஞ்சில் கை கட்டி உட்கார வேண்டும். புகார் தவறென்றால் தண்டனை ஒன்றும் இல்லை. டீச்சர் எழுதியது ஏன் சரி என்று போர்டில் போட்டுக் காட்டிவிட்டு இடத்துக்குப் போய்விடலாம்.

மூன்றே மாதத்தில் வகுப்பு உருமாறிப் போனது. பேன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போர்டைப் பார்த்தார்கள். வருகைப் பதிவேட்டைக்கூடச் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம் ஜன்னலோரப் பெஞ்சில் இருந்த ஒரு பெண். அவள் வாயைத் திறந்து யாரும் கேட்டதில்லை. வருகைக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள். அதனால் வகுப்பு அவளுக்கு மியூட் என்று பெயர் வைத்திருந்தது. இரண்டு வருடமாக அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வைக்காமல் இருந்தவள், ஒரு செவ்வாய்க்கிழமை, அறுபதில் முக்கால் பங்கு நாற்பது என்று டீச்சர் எழுதியதும் எழுந்து நின்றாள்.

"மாட்டிக்கிட்டீங்க," என்றாள். நாற்பத்தைந்து என்று நிரூபித்தாள். நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பெஞ்சில் கை கட்டி உட்கார்ந்திருந்த டீச்சரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நிமிந்து உக்காருங்க டீச்சர், கூன் போடாதீங்க," என்றாள்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. எல்லாப் பற்களும் தெரிந்தன. ஆனால் மணி பதினொன்றேகால் ஆகிவிட்டிருந்ததால் அந்தச் சிரிப்பு அரசாங்கக் கணக்கில் வரவில்லை.

அடுத்த வாரம் மியூட்டின் அம்மா பள்ளிக்கு வந்தார். சலவை நிலையத்தில் இஸ்திரி போடுபவர். "வீட்ல அவங்க அப்பாவையே மாட்டிக்கிட்டீங்கன்னு நிக்க வைக்கிறா டீச்சர். மனுஷன் கதை விட முடியல," என்று புகார் சொன்னார். புகார் சொல்பவர் முகத்தில் இருக்க வேண்டிய கோபம் அதில் இல்லை.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்ததால், பொறுக்காமல், ஒருங்கிணைப்பாளர் வந்தார்.

மகிழ்ச்சி வகுப்பறைத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் அவர். பதவிப் பெயர் நீளமானது, விசிட்டிங் கார்டின் இரண்டு பக்கமும் வேண்டும். விளையாட்டு வழிக் கல்வி பற்றி நூற்றிருபது பக்கத்தில் கையேடு எழுதியவர். அதைப் படித்த ஒருவரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. கடைசியாகப் பிள்ளைகள் முன்னால் நின்று அவர் பாடம் நடத்திப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. அன்று ஒரு மாதிரி வகுப்பு நடத்தி, அதைப் படம் பிடித்து, எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்புவதாக ஏற்பாடு. வீடியோக்காரர் ஒருவர், சுருட்டிய துணியைத் தோளில் சுமந்த உதவியாளர் ஒருவர் என்று பரிவாரத்தோடு இறங்கினார்.

அதற்கு முன்பே தலைமையாசிரியர் கணக்கு டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். அவர் வரலாறு நடத்தியவர். ஜெயிக்கிற பக்கம் எது என்று பார்த்து நிற்பது பாடத்திலேயே வந்த பழக்கம்.

"டீச்சர், நீங்க ஒப்பந்தத்துல எத்தனை வருஷம்?"

"ஆறு வருஷம் சார்."

"நிரந்தரம் பண்ற ஃபைல் ஒருங்கிணைப்பாளர் சார் டேபிள்லதான் இருக்கு. இன்னிக்கு வகுப்பு நல்லபடியா முடிஞ்சா…" என்று நிறுத்தினார். "நான் ஒண்ணும் சொல்லல."

"நானும் ஒண்ணும் கேக்கல சார்," என்றார் டீச்சர். ஆனால் கேட்டுவிட்டார். ஆறு வருடமாக ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் வேலை இருக்குமா போகுமா என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கேட்காமல் இருக்க முடியுமா?

கூட்ட அறையில் துணி விரிக்கப்பட்டது. ஒன்றிலிருந்து நூற்றைம்பது வரை கட்டங்கள். அதன் மேல் தாவ ஒரு தவளை வேண்டும். எதைப் பார்த்தாலும் வர்ணனை செய்கிற ஒரு பையன் வகுப்பில் உண்டு. கமென்ட்ரி என்றுதான் கூப்பிடுவார்கள். பச்சைத் தொப்பி அவன் தலையில் ஏறியது. நூறாவது கட்டத்தில் நிறுத்தினார்கள்.

"குழந்தைகளே, இது வெறும் தவளை இல்லை," என்று ஒருங்கிணைப்பாளர் கேமராவைப் பார்த்துத் தொடங்கினார். "இது அறிவின் தவளை."

"அறிவின் தவளை இப்போது தாவத் தயாராக உள்ளது," என்றான் கமென்ட்ரி.

"தம்பி, நீ பேசக் கூடாது. தாவினா போதும். இருபது சதவீதம் முன்னால தாவு."

கமென்ட்ரி நூற்றிருபதுக்குத் தாவினான். கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள்.

"இப்ப அங்கேருந்து இருபது சதவீதம் பின்னால தாவு. யோசிக்காதே, தாவு."

யோசிக்காமல் தாவியதில் கமென்ட்ரி நூறில் வந்து நின்றான்.

ஒருங்கிணைப்பாளர் இரண்டு கைகளையும் விரித்தார். "பாத்தீங்களா? எங்க கிளம்பினோமோ அங்கேயே வந்து சேர்ந்துட்டோம். இருபது சதவீதம் ஏறி, இருபது சதவீதம் இறங்கினா, பழைய இடம். எவ்வளவு எளிமை. இதைத்தான் நான் என் கையேட்டில்…"

"மாட்டிக்கிட்டீங்க."

மியூட் எழுந்து நின்றிருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. இவ்வளவு பெரிய சார், துணி எல்லாம் கொண்டுவந்து, தங்கள் விளையாட்டைத் தங்களோடு விளையாடுகிறார் என்று அவள் நினைத்துவிட்டாள். அவள் மட்டும் இல்லை, மொத்த வகுப்பும் அப்படித்தான் நினைத்தது. இதே கணக்கைப் போன வாரம்தான் அவர்கள் போட்டிருந்தார்கள்.

"நூத்திருபதுல இருபது சதவீதம் இருபத்திநாலு சார். அப்ப தொண்ணூத்தாறுல நிக்கணும்."

கமென்ட்ரிக்கு விளங்கிவிட்டது. நாலு கட்டம் பின்னால் தாவித் தொண்ணூற்றாறில் நின்றுகொண்டான்.

ஒருங்கிணைப்பாளர் துணியைப் பார்த்தார். கணக்கு அவருக்கு எங்கேயோ இடித்தது. ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவர் மெல்லத் திரும்பினார். "என்ன மேடம், பொண்ணு ஏதோ சொல்லுது? நீங்க கணக்கு டீச்சர்தானே, நீங்களே சொல்லுங்க."

தலைமையாசிரியர் டீச்சரைப் பார்த்தார். வாய் திறக்காமல் ஃபைல் என்று சொல்ல முடிகிற முகம் அது.

டீச்சருக்கு விடை தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். இரண்டு விநாடி ஆனது. அந்த இரண்டு விநாடியில் ஆறு கோடை விடுமுறைகளும் கண்முன்னே வந்து போயின.

"சின்னப் பொண்ணு சார். குழம்பிட்டா," என்றார். பிறகு மியூட்டைப் பார்க்காமல் சொன்னார்: "சார் சொன்னதுதான் சரி. உக்காரும்மா."

மியூட் உட்காரவில்லை. சிரிப்பும் உடனே போகவில்லை. டீச்சர் கண் சிமிட்டுவாரா, இதுவும் விளையாட்டில் ஒரு பகுதியா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

"டீச்சர்," என்றான் கமென்ட்ரி, "இப்ப நான் எங்க நிக்கணும்?"

"நூறுல நில்லு."

அவன் தாவவில்லை. நடந்து போய் நூறில் நின்றான்.

ஒருங்கிணைப்பாளருக்கு உயிர் வந்தது. பெருந்தன்மையும் கூடவே வந்தது. "பரவாயில்லை, பரவாயில்லை. தப்பு பண்றது சகஜம். நம்ம விளையாட்டுல தப்பா சொன்னவங்களுக்கு ஒரு ஜோக்கர் தொப்பி உண்டு. சும்மா ஜாலிக்கு," என்றார். உதவியாளர் பையிலிருந்து மணி வைத்த தொப்பியை எடுத்து மியூட்டின் தலையில் மாட்டினார். மீதி அரை மணி நேரமும் அவள் அசையும்போதெல்லாம் மணி கிணுகிணுத்தது. அதனால் அசையாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். கடைசியில் எல்லோரையும் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். செயலி பச்சையானது. பன்னிரண்டு பேருக்கும் மேலேயே பற்கள் தெரிந்தன. சிரிக்காத ஒரு ஜோடி உதட்டை அது கணக்கில் எடுக்கவில்லை.

வீட்டில் டீச்சரின் கணவர், பஸ் பணிமனையில் டயர் பிரிவில் வேலை பார்ப்பவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

"ஒரு தவளை நாலு கட்டம் தள்ளி நின்னா உலகம் முங்கிடுமா? விடும்மா. வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் தவளையை எங்க வேணா நிறுத்திக்க."

"அந்தப் பொண்ணு என்னைப் பாத்துக்கிட்டே நின்னா."

"சின்னப் புள்ளைங்க ரெண்டு நாள்ல மறந்துடும்."

அவர் சொன்னது ஆறுதலாகத்தான் இருந்தது. இந்த மாதிரி ஆறுதல்களை நம்பித்தான் நாட்டில் பாதி அலுவலகங்கள் நடக்கின்றன.

மறுநாள் டீச்சர் எட்டேழு ஐம்பத்திநாலு என்று போர்டில் எழுதிவிட்டுக் காத்திருந்தார். நாற்பத்திரண்டு பேனாக்களும் எழுதின. யாரும் எழுந்திருக்கவில்லை. இவர்கள் கவனிக்கவில்லையோ என்று அதற்கடுத்த நாள் முக்கோணத்துக்கு நாலு பக்கம் என்று எழுதினார். எழுதிக்கொண்டார்கள். அடிக்கோடு போட்டார்கள்.

"யாருக்கும் ஒண்ணும் தோணலையா?"

தோன்றவில்லை. தோன்றினாலும் சொல்லவில்லை. கமென்ட்ரி ஜன்னலுக்கு வெளியே போன ஒரு லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான், வர்ணனை இல்லாமல். மியூட் வருகைக்குக் கையைத் தூக்கினாள். அவ்வளவுதான். டீச்சருக்குக் கோபம் வந்தது. போர்டைத் தட்டினார். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, "கண்டுபிடிச்சா இன்னிக்குப் பூராவும் இது உங்களுக்குத்தான்," என்று ஆசை காட்டினார். யார் மேல் கோபப்படுகிறோம் என்று அவருக்கே தெரிந்திருந்ததால் கோபம் இன்னும் ஏறியது. நாற்காலி காலியாகவே கிடந்தது.

இரண்டாவது வாரம் தேர்வு வைத்தார். ஐந்தாவது கேள்வி: நூறு லிட்டர் தண்ணீர் இருபது சதவீதம் கூடி, பிறகு இருபது சதவீதம் குறைந்தால் எவ்வளவு இருக்கும்? காரணம் கூறுக.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து திருத்தினார். முதல் தாள், நூறு. இரண்டாவது, நூறு. பன்னிரண்டாவது, நூறு. ஒரு தாளில் தொண்ணூற்றாறு என்று ஒழுங்காகப் போட்டு, பிறகு அதை அடித்து, பக்கத்தில் நூறு என்று எழுதியிருந்தது. முன்பல் உடைந்த பையனுடையது. கமென்ட்ரி நூறு என்று எழுதிவிட்டுக் காரணத்துக்கு இடம் விட்டிருந்தான். அவன் எதையும் காலியாக விட்டு அவர் பார்த்ததில்லை.

மியூட் மட்டும் காரணம் எழுதியிருந்தாள். அவளுடைய கையெழுத்து அழகானது, கோட்டை விட்டு இறங்காது.

'விடை: 100. காரணம்: சார் சொன்னதுதான் சரி.'

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றும் இல்லை. அது அவருடைய வாக்கியம்.

அப்போதே மணி அடித்தது. தாள்களை எடுத்துக்கொண்டு ஏழாம் வகுப்புக்குள் நுழைந்தபோது பின்னாலேயே தலைமையாசிரியர் வந்தார், கையில் ஒரு படிவம்.

"டீச்சர், ஒரே ஒரு கையெழுத்து. அந்த வீடியோ எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போகப் போகுது. பாட ஆசிரியர் சரிபார்த்ததா ஒரு சான்று வேணுமாம். சார் ரொம்ப சந்தோஷமா இருக்காரு. ஃபைலும் நகருது."

படிவத்தில் ஒரு வரிதான் அச்சடித்திருந்தது: 'இதிலுள்ள பாடப்பொருள் பிழையற்றது எனச் சரிபார்த்தேன்.'

"ரெண்டு நிமிஷம் சார்," என்றார் டீச்சர். படிவத்தை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னலோரப் பெஞ்சுக்குப் போனார். மியூட் எழுந்து நின்றாள்.

"அன்னிக்கு நீ சொன்னது சரிம்மா. தொண்ணூத்தாறுதான். அந்த சார் சொன்னது தப்பு. எனக்கு அது அப்பவே தெரியும்."



"இது விளையாட்டா டீச்சர்?" என்று கேட்டான் கமென்ட்ரி, தயங்கித் தயங்கி.

"இல்லடா. இது விளையாட்டு இல்ல."

மியூட் தரையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, தொண்டையிலிருந்து குரலைத் தேடி எடுப்பதுபோல, "அப்ப ஏன் உக்காரச் சொன்னீங்க?" என்றாள்.

டீச்சரிடம் நிறையக் காரணங்கள் இருந்தன. ஃபைல், ஆறு வருடம், வீடு, கேமரா. எல்லாம் உண்மையான காரணங்கள்தான். பன்னிரண்டு வயதுப் பெண் முன்னால் அதில் ஒன்றைக்கூட எடுத்து நீட்ட முடியவில்லை.

"பயந்துட்டேன்," என்றார்.

தலைமையாசிரியர் கனைத்தார். "டீச்சர், இதெல்லாம் பசங்ககிட்ட… நாம ஆபீஸ்ல பேசிக்கலாமே."

"அந்த சாருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் மியூட்.

"இன்னும் தெரியாது," என்ற டீச்சர், மேஜைக்குத் திரும்பி வந்து பேனாவைத் திறந்தார். 'பிழையற்றது' என்பதை ஒரே கோட்டில் அடித்தார். மேலே எழுதினார்: 'பிழை உள்ளது. சரியான விடை 96.' அதன் கீழே, கண்டுபிடித்தவர் என்று போட்டு, மியூட்டின் பெயரை எழுதினார். வகுப்பு வைத்த பெயரை இல்லை, வருகைப் பதிவேட்டில் இருக்கிற முழுப் பெயரை. கடைசியில் தன் கையெழுத்தைப் போட்டு நீட்டினார்.

தலைமையாசிரியர் அதை வாங்கவில்லை. சூடான பாத்திரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இதை நான் எப்படி டீச்சர் அனுப்பறது? உங்க ஃபைல் என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? ஆறு வருஷம். ஒரு சின்னக் கணக்குக்காக."

"யோசிச்சதாலதான் சார் அன்னிக்குப் பொய் சொன்னேன்," என்றார் டீச்சர். தேர்வுத்தாள் கட்டைத் தூக்கி அந்தப் படிவத்தின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்தே அவர் கையில் கொடுத்தார்.

"இதையும் எடுத்துட்டுப் போய்ப் பாருங்க. வகுப்புல விளையாட்டு வைக்கறது சுலபம் சார். துணி விரிச்சா போதும், தொப்பி மாட்டினா போதும். ஜெயிச்ச பிள்ளையைப் பாத்து நீதான் ஜெயிச்சேன்னு சொல்றதுதான் கஷ்டம், அதுவும் தோத்தவர் நம்ம மேலதிகாரியா இருக்கும்போது. அதைச் சொல்லத் தைரியம் இல்லாதவங்க பிள்ளைங்களோட விளையாடவே வரக் கூடாது. அன்னிக்கு நாம ரெண்டு பேரும் சேர்ந்து இவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது சதவீதம் இல்ல. பெரியவங்க தப்பு பண்ணா வாயை மூடிக்கணும்ங்கற பாடம். நாப்பத்திரண்டு தாள் இருக்கு சார். அந்தப் பாடத்தை மட்டும் ஒரு பிள்ளைகூடத் தப்பா எழுதல."